கேம்பிரிட்ஜ் எண்ணிம நூலகம்: பாடம் உள்ள பக்கமும் இல்லாத பக்கமும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் தன்னிடமுள்ள கையெழுத்துச் சுவடிகள், கடிதங்கள், பழைய அச்சு நூல்கள் ஆகியவற்றைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் எண்ணிம நூலகம் என்ற இந்தத் தளத்துக்குள் நுழையக் கட்டணமும் இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை. 2011ஆம் ஆண்டின் இறுதியில் நியூட்டனின் தாள்களோடு திறக்கப்பட்ட தளம், இன்று பல நூற்றாண்டுகளையும் பல மொழிகளையும் தழுவி வளர்ந்து நிற்கிறது. படங்களின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. பெரிதாக்கிக்கொண்டே போனால் தாளின் நாரும், மை ஊறிப் பரவிய தடமும், அடித்தலுக்குக் கீழே மறைந்த சொல்லும் துலங்குகின்றன. ஆயினும் படம் கூர்மையாக இருப்பது ஒன்று; அதில் எழுதியிருப்பது வாசகருக்கு விளங்குவது வேறு. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்தையோ எபிரேய எழுத்தையோ படிக்கப் பழகாத ஒருவருக்கு அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தளம் எடுத்துச் சொல்கிறதா என்பதே நான் கொண்ட அளவுகோல். அந்த அளவுகோலில் இது சில இடங்களில் ஒப்பற்ற நூலகமாகவும், சில இடங்களில் நேர்த்தியான படக்கிடங்காகவும் இருக்கிறது.

முதல் வகைக்குச் சான்று நியூட்டனின் தாள்கள், குறிப்பாக அவர் 'வேஸ்ட் புக்' என்று பெயரிட்டு வைத்திருந்த பெரிய குறிப்பேடு. அது முதலில் அவருடைய தாயின் இரண்டாம் கணவரான பார்னபாஸ் ஸ்மித் என்ற பாதிரியாருக்கு உரியது. சமய நூல்களிலிருந்து மேற்கோள்களைத் திரட்டி எழுதும் நோக்கத்தோடு 1612இல் அதைத் தொடங்கிய ஸ்மித், பக்கங்களுக்குத் தலைப்பிட்டதோடு பெரும்பாலானவற்றை வெறுமையாகவே விட்டுவிட்டார். தாள் விலையுயர்ந்த பண்டமாக இருந்த காலத்தில் அந்த வெற்றுப் பக்கங்கள் நியூட்டனின் கைக்கு வந்தன. 1664 முதல் அவர் அவற்றில் கணிதமும் இயக்கவியலும் எழுதலானார். பின்னாளில் நுண்கணிதம் என்று நாம் படித்த முறையின் தொடக்கக் கணக்குகள், முன்னவர் இட்ட சமயத் தலைப்புகளுக்கு நடுவே வளர்வதை ஏடு ஏடாகப் பார்க்க முடிகிறது.

இந்தக் குறிப்பேட்டை வெறும் படமாக மட்டும் தந்திருந்தால் என் போன்றவர்கள் நான்கு பக்கம் புரட்டி வியந்துவிட்டு வெளியேறியிருப்போம். தளமோ, நியூட்டன் புராஜெக்ட் என்ற ஆய்வுக் குழுவினர் படியெடுத்த பாடத்தை, அதாவது கையெழுத்தில் உள்ளதன் எழுத்து வடிவத்தை, படத்தின் அருகிலேயே வைத்திருக்கிறது. அதையும் இரண்டு வடிவங்களில் தருகிறது. அடித்தல், திருத்தல், சொற்சுருக்கம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி காட்டுவது ஒரு வடிவம்; எழுத்துக்கூட்டலைச் சீர்செய்து தடையின்றிப் படிக்கத் தருவது மற்றொன்று. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடுகளைக் கவனித்துப் பழகிய தமிழ் வாசகர்கள் இந்த ஏற்பாட்டின் அருமையை உடனே உணர்வார்கள். வாசகர் தம் தேவைக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம், ஐயம் எழுந்தால் படத்தோடு ஒப்பிட்டுப் பதிப்பாசிரியரையே கேள்வி கேட்கலாம். 1727இல் நியூட்டன் இறந்த பிறகு அவருடைய தாள்களைச் சோதித்த தாமஸ் பெல்லட் என்பவர் பல கட்டுகளின்மேல் அச்சிடத் தகாதவை என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் ஒதுக்கிய தாள்களை இன்று யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்து படிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி நியூட்டன் அல்ல, தீர்க்கரேகை வாரியத்தின் ஆவணங்கள். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று துல்லியமாகக் கண்டறியும் வழிக்கு 20,000 பவுண்டு வரை பரிசு தருவதாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இல் சட்டம் இயற்றியது. அந்தப் பரிசை நிர்வகித்த வாரியம் 1828இல் கலைக்கப்படும் வரை சேர்த்த தாள்கள் கிரீனிச் வானியல் ஆய்வகத்தின் ஆவணங்களோடு கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தன. கடலில் தீர்க்கரேகை காண உதவும் கடிகாரம் செய்து புகழ்பெற்ற ஜான் ஹாரிசனின் பரிசுப் பிணக்கு இவற்றில் விரிவாக இருக்கிறது. ஆனால் வாசிப்பின் சுவை, வென்றவர்களைவிடத் தோற்றவர்களிடமே மிகுதி. வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன் என்றும், ஓயாமல் தானே இயங்கும் பொறியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றும் எழுதிப் பரிசு கேட்டவர்களின் கடிதங்களை வாரியம் குப்பையில் எறியாமல் தொகுதி கட்டி வைத்திருக்கிறது. அரசு அலுவலகம் எதையும் தூக்கியெறியாது என்பதற்காக அதைப் பாராட்டும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. 1789இல் பவுண்டி கப்பலில் நடந்த கலகத்தில், வாரியம் கொடுத்தனுப்பிய விலையுயர்ந்த காலமானியையும் கலகக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது தன் கையைவிட்டுப் போனது எப்படி என்று கப்பல் தலைவர் வில்லியம் பிளை எழுதிய விளக்கமும் இதே ஆவணங்களில் உள்ளது. இங்கே எல்லாப் பக்கங்களுக்கும் முழுப் பாடம் கிடையாது. ஆனால் தொகுதிகளுக்கு ஆய்வாளர்கள் எழுதியிருக்கும் அறிமுகங்கள் எதைத் தேடுவது, எங்கே நிற்பது என்று கைபிடித்து அழைத்துச் செல்வதால் அந்தக் குறை பெரிதாக உறுத்தவில்லை.

டார்வின் பகுதியும் இந்த நல்ல வகையைச் சேர்ந்ததே. உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று சொல்வது கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்று அவர் 1844 ஜனவரி 11 அன்று தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தைப் பாடத்தோடு படிக்கலாம். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பதைக் காட்டும் உயிர்மரத்தின் சிறு கோட்டுப்படம் கொண்ட 1837ஆம் ஆண்டுக் குறிப்பேடும் உண்டு. அந்தக் குறிப்பேடு மற்றொன்றோடு சேர்ந்து 2001 முதல் காணாமற்போயிருந்து, 2022 மார்ச்சில் இளஞ்சிவப்புப் பரிசுப் பையில் நூலகத்துக்குத் திரும்பியது.

குறை பெரிதாகத் தெரியும் இடம் கெய்ரோ ஜெனிஸா என்ற சுவடித் தொகுப்பு. கடவுளின் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்ற யூத மரபின்படி, பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்து அறையில் நூற்றாண்டுக் கணக்காகப் போட்டுவைக்கப்பட்ட தாள்களை 1896, 97ஆம் ஆண்டுகளில் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். இந்தத் தொகுப்பில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன. சமய நூல்களோடு கடைக்கணக்கும் திருமண ஒப்பந்தமும் வணிகக் கடிதமும் கலந்து கிடக்கும் இந்தக் குவியலில் தென்னிந்தியாவுக்கும் பங்குண்டு. துனிசியாவிலிருந்து புறப்பட்ட ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகர் 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி, உலோகப் பாத்திரப் பட்டறை நடத்தி, ஏடனிலிருந்த கூட்டாளிகளுக்கு மிளகும் இரும்பும் பாக்கும் அனுப்பினார். அவர்கள் திருப்பியனுப்பிய பொருள்களில் எழுதும் தாளும் ஒன்று. அது போதாமல், வந்த கடிதங்களின் பின்புறத்திலும் ஓரங்களிலும் அவர் கணக்கு எழுதியிருப்பதைப் பார்க்கும்போது அவருடைய மேசை அருகே நிற்பது போலிருக்கிறது.

அந்தப் பார்வை அத்தோடு நின்றுவிடுகிறது. எழுத்து எபிரேயம், மொழி அரபு. நம் அரபுத் தமிழ் நூல்களைப் போல ஒரு மொழி மற்றொன்றின் எழுத்தை உடுத்தியிருக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகில் மிகச் சிலரே. தளம் தரும் விவரக்குறிப்பு பல துண்டுகளுக்கு ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. முழுப் பாடம் வேண்டுமானால் சுவடி எண்ணைக் குறித்துக்கொண்டு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் நடத்தும் ஜெனிஸா திட்டத் தளத்துக்குப் போய்த் தேட வேண்டும். இரு நிறுவனங்களும் தத்தம் பணியைச் செவ்வையாகவே செய்கின்றன. இருந்தும் இந்த வழியை முன்பே அறியாத பொது வாசகர் அழகிய, ஊமையான படங்களோடு நின்றுவிடுவார். சமஸ்கிருதச் சுவடிகளிலும் இதே நிலைதான். 1015ஆம் ஆண்டு நேபாளத்தில் எழுதப்பட்ட எட்டாயிரம் வரிப் பிரஞ்ஞாபாரமிதை என்ற பௌத்த நூலின் ஓலைகளும், கயிறு கோக்கும் துளைகளும், வண்ணச் சிற்றோவியங்களும் கண்ணை நிறைக்கின்றன, ஆனால் ஓவியத்தில் இருப்பவர் யார் என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் விளங்குவதில்லை.

பயன்பாட்டில் இரண்டு எச்சரிக்கைகள். பக்கத்தின் முகவரியில் வரும் எண் படத்தின் வரிசை எண். அது சுவடியின் ஏட்டெண் அல்ல. அட்டையும் வெற்றுத் தாள்களும் சேர்த்து எண்ணப்படுவதால், மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் ஏட்டெண்ணையே தர வேண்டும். அடுத்து, தேடல் பெட்டி விவரக்குறிப்பிலும் படியெடுத்த பாடத்திலும் மட்டுமே தேடுகிறது. பாடமில்லாத கையெழுத்துப் பக்கத்தில் நீங்கள் தேடும் பெயர் பத்து முறை வந்திருந்தாலும் விடை கிடைக்காது. ஒன்றும் இல்லை என்று திரை சொல்வதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். கைப்பேசியில் திறக்க முடிந்தாலும், படத்தையும் பாடத்தையும் அருகருகே வைத்துப் படிக்க அகலமான திரை வேண்டும்.

பெரும்பாலான படங்களை வணிக நோக்கமின்றிப் பயன்படுத்த அனுமதி உண்டு. வகுப்பில் காட்டவும் ஆய்வுக் கட்டுரைக்குப் பார்க்கவும் இது போதும். விற்பனைக்கான நூலில் சேர்ப்பதாக இருந்தால் அந்தந்தப் படத்தின் உரிமக் குறிப்பைப் படித்து நூலகத்துக்குத் தனியே எழுதிக் கேட்க வேண்டும். முதன்முறையாகப் போகிறவர்கள் முகப்பில் அடுக்கியிருக்கும் தொகுப்புகளுக்குள் அலையாமல், 'வேஸ்ட் புக்'கைத் திறந்து, சீர்செய்த பாடத்தை வலப்புறம் வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஜெனிஸாவுக்குப் போகும்போது பிரின்ஸ்டன் தளத்தையும் இன்னொரு சாளரத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.