ரொடானா, பூர்தெல்லா, சாட்கினா? பாரிஸில் ஒரு நாளும் மூன்று சிற்பத் தோட்டங்களும்

பாரிஸில் சிற்பம் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன், எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் பிரெஞ்சுச் சிற்பி ரொடானின் மியூசியம் என்றுதான் பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் அங்கிருந்து மெட்ரோவில் மூன்று நிறுத்தம் தள்ளி இன்னொரு சிற்பி பூர்தெல்லின் பட்டறை மியூசியமாக இருக்கிறது, அதிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் சிற்பி சாட்கின் வாழ்ந்த வீடு இருக்கிறது, இரண்டிலும் தோட்டம் உண்டு, இரண்டிலும் கூட்டம் கிடையாது. மூன்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். யாருக்கு எது, எதை முதலில் பார்ப்பது, நேரம் போதாவிட்டால் எதை விடுவது என்பதைப் பற்றி எனக்கு இப்போது ஒரு திடமான கருத்து உண்டு.

அதற்கு முன்னால் ஒன்று. மூன்றுமே திங்கட்கிழமை மூடியிருக்கும். முதல் தடவை நான் போனது ஒரு திங்கட்கிழமை, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், மறுநாள் ரயில் என்பதால் அந்தப் பயணத்தில் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறக்கும்.

ரொடான் மியூசியம் இருப்பது ஓத்தெல் பிரோன் என்ற பழைய மாளிகையில். 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பிறகு கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியாக இருந்தது, அவர்கள் காலி செய்தபின் அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். கவிஞர் ரில்கே சொல்லித்தான் ரொடான் 1908-ல் இங்கே குடிவந்தார். கட்டடத்துக்கு ஆபத்து வந்தபோது, என் படைப்புகள் எல்லாவற்றையும் அரசுக்குத் தருகிறேன், இந்த மாளிகையை மியூசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பேசி, 1916-ல் எழுதியும் கொடுத்துவிட்டார். 1917 நவம்பரில் இறந்தார். மியூசியம் திறந்தது 1919-ல்.

தோட்டம் சுமார் மூன்று ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கருக்கு மேல். நுழைந்ததும் வலப்பக்கம் ‘சிந்தனையாளர்’, இடப்பக்கம் ‘நரகத்தின் வாசல்’. வருகிற எல்லோரும் வலப்பக்கம் திரும்புகிறார்கள், பின்னால் பக்கத்து இன்வாலித் கட்டடத்தின் குவிமாடம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கிறார்கள், உள்ளே போய்விடுகிறார்கள். தயவுசெய்து முதலில் இடப்பக்கம் போங்கள். அந்த வாசலுக்கான வேலை 1880-ல் அவரிடம் வந்தது, அலங்காரக் கலைகளுக்கென்று அரசு கட்ட நினைத்த ஒரு மியூசியத்துக்காக. அந்தக் கட்டடம் அங்கே எழவே இல்லை. மனிதர் விடாமல் பல வருடம் அதிலேயே கிடந்தார், அது வெண்கலமானதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். ஆறு மீட்டர் உயரம், ஏறக்குறைய இருநூறு உருவங்கள், விழுகிறவை, பற்றிக்கொள்கிறவை, நழுவுகிறவை. மேலே நிமிர்ந்து பார்த்தால் நடுவில் சின்னதாக ஒருவர் உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் சிந்தனையாளர். முதலில் அவருக்கு இருந்தது ஏறக்குறைய 70 செ.மீ. உயரமும் இந்த வாசலின் உச்சியில் ஒரு இடமும்தான், பெரிதாக்கியது 1904-ல். இதைப் பார்த்துவிட்டு வலப்பக்கம் போனால், அவர் எதைப் பார்த்து அப்படிக் குனிந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெரிய சிலையிடம் போனதும் முழங்கையைப் பாருங்கள். வலது முழங்கை இடது தொடைமேல் இருக்கிறது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நீங்களே ஒரு தடவை அப்படி வைத்துப்பாருங்கள், முதுகு முழுவதும் திருகிக்கொள்ளும், ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. யோசிக்கிறவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன், அவன் கால்விரல்கள் தரையை இறுகப் பற்றியிருப்பதைக் கவனித்தபிறகு அந்த எண்ணம் போய்விட்டது. இந்தச் சிலை 1906-ல் பாந்தியோன் என்ற நினைவு மண்டபத்தின் முன்னால் நிறுத்தப்பட்டு, 1922-ல் இங்கே வந்தது.

‘கலே நகரத்தவர்’ முன்னால் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். 1347-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் முற்றுகையில் பிரான்ஸின் கலே ஊர் பட்டினி கிடந்தபோது, மற்றவர்கள் பிழைக்கட்டும் என்று ஊரின் ஆறு பெரிய மனிதர்கள் கழுத்தில் கயிறும் கையில் ஊர்ச் சாவியுமாகச் சாவதற்குப் புறப்பட்ட கதை. சிலைகள் மக்கள் நடக்கும் மட்டத்திலேயே நிற்கவேண்டும் என்பது ரொடானின் ஆசை. இதற்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. சுற்றிவரச் சுற்றிவர ஒருவர் மறைந்து இன்னொருவர் வருகிறார். ஆறு பேரும் சேர்ந்து நடக்கிறார்கள், ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கைகளும் பாதங்களும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிசு. எனக்கு இந்த மியூசியத்திலேயே பெரிய விஷயம் இதுதான். சுற்றி நடக்க இடம் கிடைத்தால்தான் சிற்பம் நமக்குத் திறக்கும், அந்த இடத்தை இந்தத் தோட்டம் தாராளமாகத் தருகிறது.

மாளிகைக்குள் பளிங்கு ‘முத்தம்’ இருக்கிறது, தங்கி என்பவரை வான்கோ வரைந்து ரொடான் வாங்கி வைத்திருந்த உருவப்படம் இருக்கிறது, சிற்பி கமீய் க்ளோதெலின் படைப்புகள் இருக்கின்றன. க்ளோதெலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ‘வம்பளப்பவர்கள்’ என்று ஒன்று, உள்ளங்கை அளவுப் பெண்கள் நாலு பேர் தலையோடு தலை வைத்து ஒருத்தி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், குனிந்து பார்த்தால் நாமும் காதைக் கொடுக்கவேண்டும்போல் இருக்கும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் வேறு இடத்தைப் பற்றிப் பேச்சு? காரணம் கை, அதாவது சிலையில் நேரடியாக வேலை செய்தது யார் கை என்பது. ரொடான் களிமண்ணில் செய்கிறவர். அவர் பிசைந்ததைப் பிளாஸ்டரில் வார்ப்பது, பெரிதாக்குவது, பளிங்கில் செதுக்குவது, வெண்கலம் ஊற்றுவது எல்லாம் வேறு ஆட்கள். அப்படிச் செதுக்கிக் கொடுத்தவர்களில் ஒருவர்தான் ஆந்துவான் பூர்தெல், 1893 முதல் 1908 வரை ரொடானிடம் வேலை பார்த்தார். வெண்கலத்திலும் ஒரே படைப்புக்குப் பன்னிரண்டு வார்ப்புகள் வரை மூலப்படைப்பாகவே கணக்கில் வரும் என்பது பிரான்ஸின் விதி, சிற்பி இறந்தபிறகு ஊற்றியவையும் அதில் சேரும். இதில் குறை ஒன்றும் இல்லை, ரொடான் காலத்தில் தொழில் நடந்த விதமே அதுதான். ஆனால் ரொடான் மியூசியத்தில் நாம் பார்ப்பது முடிந்துபோன வேலை. ஒரு சிலை எப்படி உருவாகிறது என்று அங்கே அவ்வளவாகத் தெரியாது.

அது தெரிவது பூர்தெல்லில். மோன்பர்னாஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இப்போது அவர் பெயரையே வைத்திருக்கும் தெருவில், 1885 முதல் 1929-ல் இறக்கும்வரை அவர் வேலை செய்த இடம். மரத்தரையும் வடக்கு வெளிச்சமுமாகப் பட்டறை அப்படியே இருக்கிறது. 1949-ல் மியூசியமானது, 1961-ல் பெரிய கூடம் ஒன்றைக் கட்டிச் சேர்த்தார்கள், 1992-ல் இன்னொரு பகுதி, 2023-ல் புதுப்பிப்பு வேலை முடிந்து மறுபடி திறந்தார்கள். அந்தப் பெரிய கூடத்துக்குள் முதல் தடவை நுழையும்போது கொஞ்சம் நின்றுவிடுவீர்கள். அர்ஜென்டினாவின் தளபதி அல்வெயாருக்காகச் செய்த குதிரைவீரர் சிலை முழுவதும் பிளாஸ்டரில், வெள்ளை வெளேரென்று, நம் தலைக்கு மேலே குதிரையின் வயிறு. இதன் வெண்கலம் புவெனஸ் ஐரிஸில் நிற்கிறது. வெண்கலத்தில் பளபளப்பு கண்ணை இழுத்துவிடும், பிளாஸ்டரில் உருவம் மட்டும்தான். பக்கத்தில் போனால் அச்சின் துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடுவது தெரியும், வெண்கலமாக்கும்போது அதைத் தேய்த்துவிடுவார்கள். களிமண், அச்சு, வார்ப்பு என்று வேலையின் படிகளையும் இங்கே விளக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்தால் அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்தச் சிலையைப் பார்த்தாலும் கண் வேறு மாதிரி வேலை செய்யும்.

‘வில்லாளி ஹெராக்ளீஸ்’ இருப்பதும் இங்கேதான், 1910-ல் பூர்தெல்லுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. கிரேக்கப் புராண வீரன் ஒரு காலைப் பாறையில் உதைத்து வில்லை வளைக்கிறான். வில்லில் நாண் கிடையாது, அம்பும் கிடையாது. ஆனாலும் இழுபடும் விசை அந்தக் கைக்கும் காலுக்கும் நடுவில் தெரிகிறது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், உடம்பைவிட உடம்பைச் சுற்றியுள்ள காலி இடம்தான் உருவமாக நிற்கும்.

தோட்டம் என்று பார்த்தால் பூர்தெல் ரொடானுக்குப் பக்கத்தில் வரமுடியாது. தெருப்பக்கம் வளைவுகளோடு ஒன்று, உள்ளே சின்னதாக ஒன்று, செங்கல் சுவர், கொடிகள், நடுவில் பெரிய வெண்கலங்கள். நடக்க இடம் குறைவு. ஆனால் யாராவது நடுவில் நின்று போட்டோ எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வார நாள் காலையில் போனபோது அந்த உள்தோட்டத்தில் அரை மணி நேரம் நான் மட்டும்தான் இருந்தேன்.

சாட்கின் வேறு ரகம். இன்றைய பெலாரூஸில் இருக்கும் வித்தெப்ஸ்கில் பிறந்து பாரிஸ் வந்தவர், 1928 முதல் 1967-ல் இறக்கும்வரை லக்ஸம்பர்க் பூங்காவுக்குப் பக்கத்தில் அஸ்ஸாஸ் தெருவில் இருந்தார், மனைவி வலந்தீன் ப்ராக்ஸ் எழுதிவைத்துப் போனதால் 1982-ல் அந்த வீடு மியூசியமானது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது, ஒரு குறுகிய சந்துக்குள் போகவேண்டும். சில அறைகள், ஒரு பட்டறை, மரங்களுக்கு நடுவில் வெண்கலங்கள், அவ்வளவுதான். மெதுவாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரம்.

ஆனால் கை என்று சொன்னேனே, அது மூன்றில் இங்கேதான் மிக அருகில் இருக்கிறது. சாட்கின் மரத்தையும் கல்லையும் தானே நேரடியாகச் செதுக்கினவர். அடிமரத்தின் வளைவு எப்படிப் போகிறதோ அப்படியே தோளும் இடுப்பும் போகின்றன, வருட வளையங்கள் கன்னத்தின் மேலேயே ஓடுகின்றன, சில இடத்தில் மரம் வெடித்த கோடும் தெரிகிறது. உளி பட்ட இடம் நம் மூக்குக்கு ஒரு அடி தூரத்தில் இருக்கிறது. 1940-ல் குண்டுவீச்சில் அழிந்த நெதர்லாந்து நகரம் ராட்டர்டாமுக்காக அவர் செய்து 1953-ல் நிறுவிய ‘அழிந்த நகரம்’, இதயம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டையோடு வானத்தைப் பார்த்துக் கைகளைத் தூக்கும் உருவம், அதன் உடற்பகுதி மட்டும் வெண்கலத்தில் இந்த மியூசியத்தில் இருக்கிறது.

காசு விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். ரொடானுக்கு டிக்கெட் உண்டு, 18 வயதுக்குள் இருந்தால் இலவசம், பல மியூசியங்களுக்குச் சேர்த்து வாங்கும் மியூசியம் பாஸும் செல்லும். பூர்தெல்லும் சாட்கினும் பாரிஸ் நகராட்சியுடையவை, நிரந்தரத் தொகுப்பு இலவசம், தற்காலிகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் மட்டும் கட்டணம் கேட்பார்கள். சாட்கினில் இடம் சின்னது என்பதால் கண்காட்சி வந்தால் மொத்த வீட்டையும் எடுத்துக்கொள்ளும், அதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

மழை என்றால் யோசிக்கவே வேண்டாம், பூர்தெல். குழந்தைகளோடு என்றால் ரொடான், ஓட இடம் இருக்கிறது. குளிர்காலத்தில் ரொடான் தோட்டத்துக்கு இருட்டுவதற்குள் போகவேண்டும், ஆனால் இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவில் சிலைகள் தூரத்திலிருந்தே முழுசாகத் தெரிவது அப்போதுதான், அங்கே கோடையில் பூக்கும் ரோஜாவைவிட அது எனக்குப் பிடிக்கும்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது, பாரிஸுக்கு வெளியே மெதோனில் ரொடான் குடியிருந்த வீடு. அவருடைய பிளாஸ்டர்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன, அவரும் அவருடைய நெடுநாள் துணை ரோஸ் பரேயும் தோட்டத்தில் ஒரு சிந்தனையாளர் சிலைக்கு அடியில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1917 ஜனவரியில்தான் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள், அடுத்த மாதமே ரோஸ் இறந்துவிட்டார், நவம்பரில் ரொடான். திறந்திருக்கும் நாட்கள் குறைவு, போகவர அரை நாள் ஆகும். முதல் பயணத்தில் இதைச் சேர்க்காதீர்கள்.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், முதல் தடவை போகிறவர் ரொடானுக்குப் போகட்டும். வரைகிறவர், செதுக்குகிறவர், எப்படிச் செய்தார்கள் என்று கேட்கிற புத்தி உள்ளவர் பூர்தெல்லுக்குப் போகட்டும், நான் திரும்பத் திரும்பப் போவதும் அங்கேதான். மூன்றும் முடியும் என்றால் என் வரிசை இது: 10 மணிக்கு ரொடான், முதலில் தோட்டம், பிறகு மாளிகை. கூட்டம் மாளிகைக்குள் இருக்கும்போது தோட்டம் காலியாக இருக்கும். அப்புறம் வரேன் நிலையத்தில் 13-ஆம் எண் மெட்ரோ, மூன்றாவது நிறுத்தம் மோன்பர்னாஸ், இறங்கி பூர்தெல். அங்கிருந்து சாட்கினுக்கு மெட்ரோ வேண்டாம், மோன்பர்னாஸ் சாலையிலேயே நடங்கள், ராஸ்பாய் சாலை குறுக்கிடும் இடத்தில் மரங்களுக்கு அடியில் ரொடான் செய்த எழுத்தாளர் பால்ஸாக் நிற்பார். 1891-ல் எழுத்தாளர் சங்கம் செய்யச் சொல்லி, ஏழு வருடம் கழித்துப் பிளாஸ்டரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று மறுத்த சிலை. ரொடான் அதை மெதோனுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இங்கே வெண்கலமாக நிறுத்தியது 1939-ல். பேருந்துகள் போய்க்கொண்டிருக்கும், பெரும்பாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பக்கவாட்டுக்குப் போய், அங்கிக்குள் அந்த உடம்பு பின்னால் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். சாட்கின் 6 மணிக்கு மூடிவிடும், இங்கே பத்து நிமிடம் நின்றாலும் நாலரைக்குள் போய்ச்சேர்ந்துவிடலாம்.