கச்சான் காற்றும் கடிகாரமும்: வயதான சைக்கிள்காரருக்கு எந்த அளவுகோல் பொருந்தும்?

சென்ற யூலையில் ஒரு காலை, மட்டக்களப்பின் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவு வழியாக ஆயித்தியமலைப் பக்கம் உழக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வயல்வெளி, ஒதுங்க ஒரு மரம் இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேரே நெஞ்சில் அடித்தது. கைத்தொலைபேசியில் இருந்த செயலி மணிக்கு 15 கிலோமீற்றர் என்றது. திரும்பி வரும்போது அதே கால், அதே மூச்சு, ஆனால் 27. வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் அந்தச் செயலி என் முன்னேற்றத்தைப் பாராட்டி ஒரு பதக்கப் படம் அனுப்பியிருந்தது. நியாயப்படி அந்தப் பதக்கம் கச்சானுக்குப் போயிருக்க வேண்டும்.

எனக்கு 61 வயது. கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்காலி தந்த வயிற்றைக் குறைக்கத்தான் மூன்று வருடங்களுக்கு முன் மறுபடியும் சைக்கிளில் ஏறினேன். அதற்குள் செயலி, கைக்கடிகாரம், நெஞ்சுப் பட்டி, ஒரு மாதம் இரவல் வாங்கிய வலுமானி, இரண்டு தராசுகள், தையல் நாடா, 80 பக்கக் கொப்பி எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலோ மேற்கே படுவான்கரையிலோ சைக்கிள் மிதிக்கும் என் வயதுக்காரர் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பந்தயம் ஓடும் இளைஞர்களுக்கு என் கணக்கு உதவாது.

வேகமும் வலுவும்

மலைநாட்டுக்காரருக்கு ஒரு வசதி உண்டு. ஒரே ஏற்றத்தில் மாதம் ஒருமுறை ஏறி எத்தனை நிமிடம் பிடித்தது என்று பார்த்தால் போதும். ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் காற்றின் குறுக்கீடும் குறைவு, புவியீர்ப்பே தராசாகிவிடுகிறது. நமக்கு ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம்தான். 2013இல் திறந்த புதிய பாலத்தில் ஏறி இறங்குவதை மலையேற்றம் என்று கொப்பியில் எழுத எனக்கே கூச்சம்.

சமதரையில் நம் உழைப்பில் பெரும்பங்கைத் தின்பது காற்று. காற்றை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறுகிறது. காற்றில்லாத நாளில் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் காற்றுத் தடைக்கு மட்டும் எட்டு மடங்கு வலு வேண்டும். எதிர்க்காற்று வீசினால் அதன் வேகமும் நம் கணக்கில் சேரும். அதனால் கச்சான் வீசும் மாதங்களின் சராசரி வேகத்தைத் தை மாதச் சராசரியோடு ஒப்பிடுவது வீண்வேலை. ஸ்ட்ராவா போன்ற செயலிகள், கருவி எதுவும் இல்லாமலே இத்தனை வாட் உழைத்தீர்கள் என்று மதிப்பிட்டுச் சொல்கின்றன. திறந்த வயல்வெளியில் நான் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

வலுமானி இதற்கு நேர் எதிர். மிதிகட்டையிலோ அதன் தண்டிலோ பொருத்திய உணரி, உலோகம் எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு காலின் விசையை அளக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. நண்பர் ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தபோது தன் மிதிகட்டைகளை எனக்குக் கழற்றித் தந்தான். அதே வீதியில் போகும்போதும் 110 வாட்டுக்குச் சற்று மேலே கீழே, வரும்போதும் அப்படியே. மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒரு கருவி என்னிடம் உண்மை பேசியது.

ஆனாலும் நான் வாங்கவில்லை. விலை ஒரு காரணம். என் சைக்கிளை விற்றாலும் ஒரு பக்க மிதிகட்டைகூட வராது. பெரிய காரணம் வேறு. கால் எவ்வளவு வேலை செய்தது என்பதைத்தான் வலுமானி சொல்லும், அந்த வேலைக்கு உடல் என்ன விலை கொடுத்தது என்பதைச் சொல்லாது. 30 வயதில் முதலாவது முக்கியம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் வயதில் இரண்டாவதுதான் முக்கியம்.

நெஞ்சுப் பட்டியும் கைக்கடிகாரமும்

கடிகாரம் கனடாவில் இருக்கும் மருமகன் அனுப்பியது. "மாமா, இதைக் கட்டினால் போதும், வேறொன்றும் வேண்டாம்" என்றான். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது சரியாகத்தான் காட்டியது. சைக்கிளில் ஏறியதும் குழப்பம் தொடங்கியது. தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, இரத்தம் வந்து போகும் அலையை எண்ணுவதுதான் அதன் வேலை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினாலோ, கிரவல் பாதையில் வண்டி குலுங்கினாலோ அந்த அலை தப்பிப்போகிறது. ஒருநாள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போனேன். மூச்சு வாங்க உழக்கிய இடத்தில் நெஞ்சுப் பட்டி 138 என்றது, கடிகாரம் 92 என்றது. 92 என்றால் நான் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நெஞ்சுப் பட்டி இதயத்தின் மின்துடிப்பை நேராகவே பிடிக்கிறது. வியர்வை அதற்குத் தடையில்லை, தோலோடு தொடர்பை நன்றாக்கி உதவிதான் செய்கிறது. மட்டக்களப்பில் வியர்வைக்குப் பஞ்சமா? விலையும் கடிகாரத்தைவிடக் குறைவு. இந்தப் போட்டியில் பட்டிக்கே என் வாக்கு.

ஆனால் அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற பழைய சூத்திரப்படி எனக்கு 159. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கும் 2001ஆம் ஆண்டுச் சூத்திரப்படி 165. இரண்டுமே சராசரிகள், தனி மனிதருக்குப் பத்துத் துடிப்பு இப்படியும் அப்படியும் போகலாம். வெயில் ஏறினால் அதே உழைப்புக்குத் துடிப்பும் ஏறும். உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையால் அதன் அளவும் குறைகிறது, எஞ்சியதை இதயம் வேகமாகச் சுழற்றுகிறது. அதனால்தான் காலை ஐந்தரை மணி ஓட்டத்தை ஐந்தரை மணி ஓட்டத்தோடு மட்டும் ஒப்பிடுகிறேன்.

என்னோடு வரும் நண்பர், ஓய்வுபெற்ற தபாலதிபர், இதயத்துக்கான அட்டெனலோல் மாத்திரை எடுப்பவர். என் பட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு ஆரையம்பதி தாண்டியதும் இறங்கி நின்றார். "மச்சான், இது 108ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. எனக்கோ கண் இருட்டுகிறது" என்றார். அந்த வகை மாத்திரைகள் இதயத்தை வேகமாக ஓட விடுவதில்லை, அதுவே அவற்றின் தொழில். அப்படிப்பட்டவர் சூத்திரம் சொல்லும் துடிப்பை எட்டிப்பிடிக்க முயல்வது ஆபத்து. எண்ணுக்காக மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. எவ்வளவு கடுமையாக உழைக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுவிட்டு, அவர் வேறு அளவுகோலுக்குத்தான் போக வேண்டும்.

அந்த வேறு அளவுகோலுக்கு ஒரு சதமும் செலவில்லை. சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடிகிறது. சும்மா இருத்தல் 6, உயிர் போகிற உழைப்பு 20. உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்று உங்களை நீங்களே கேட்டு ஓர் எண் சொல்ல வேண்டும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் 11, 12. இரண்டு மூன்று சொல்லில் மூச்சு முட்டினால் 15, 16 என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

கிழவர்களின் சமாளிப்பு என்று நினைப்பவர் பிரான்சின் ரொபேர் மார்ஷானின் கதையைப் பார்க்கலாம். 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீற்றர் ஓட்டினார். 2014இல், 102 வயதில், 26.927. இடையில் அவர் உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவும் ஏறியிருந்தது. அவருக்கு வகுத்துத் தந்த பயிற்சி இதே போர்க் எண்களில்தான் இருந்தது: நூற்றுக்கு எண்பது பங்கு 12க்கு மேற்படாமல், இருபது பங்கு 15க்குக் குறையாமல். இதைச் சொன்ன நாளிலிருந்து தபாலதிபர் பட்டியைப் பற்றிக் கேட்பதே இல்லை.

தராசும் நாடாவும்

தராசின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. எங்கள் வீட்டில் அது வரவேற்பறை ஓட்டுத்தரையில் ஒன்று காட்டும், விறாந்தைச் சீமெந்தில் ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டும். ஒரு மாதம் விறாந்தையில் நின்று சந்தோஷப்பட்டேன். இரண்டு மணி நேர ஓட்டம் முடிந்து ஏறினால் 1.4 கிலோ போயிருக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ; செம்பைத் தூக்கிக் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும்.

கொழுப்பு அப்படி ஓடுவதில்லை. 100 வாட்டில் ஒரு மணி நேரம் உழக்கினால் 360 கிலோயூல் வேலை. உடலின் திறன் நாலில் ஒரு பங்கு அளவில் இருப்பதால், எரிவதும் ஏறத்தாழ 360 கிலோகலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் 7,700 கிலோகலோரி வரை உண்டு. ஆக ஒரு கிலோவுக்கு 21 மணி நேரம். மணிக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்தால் 420 கிலோமீற்றர்: மட்டக்களப்பிலிருந்து பொத்துவில், இரத்தினபுரி வழியாகக் கொழும்பு போகும் ஏ4 வீதி கிட்டத்தட்ட முழுவதும், மலை இல்லை என்று பாவனை செய்துகொண்டு. வழியில் எருமைத் தயிரும் பாணியும் சாப்பிட்டால் கணக்கு மறுபடியும் கல்லடியில் தொடங்கும்.

இரண்டாவது தராசு பாதங்களின் வழியே சிறு மின்னோட்டம் அனுப்பிக் கொழுப்பு வீதம் சொல்வது. உடலின் நீர் கூடிக் குறைந்தால் அந்த வீதமும் மாறும். வியர்த்தே வாழும் ஊரில் அதை நம்பி என்ன செய்வது? அதைத் தங்கையிடம் தள்ளிவிட்டேன்.

நாடா வென்றது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட பின் அளக்க வேண்டும். சாரம் கட்டும் இடத்தில், வயிற்றுக்குக் கீழே, அளப்பது நம்மவரின் பொதுவான ஏமாற்று, நானும் செய்தேன். தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. நான் 103இல் தொடங்கி 96இல் நிற்கிறேன். இதே காலத்தில் தராசு நாலு கிலோதான் குறைத்துக் காட்டியது. மனைவியின் தையல் இயந்திர இழுப்பறையில் கிடந்த நாடா இழுபட்டு நீண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். மரக்கோலோடு வைத்துப் பார்த்துவிட்டுப் புதிது வாங்கினேன்.

கொப்பிக்கும் செயலிக்கும் இடையில் பெரிய வழக்கு இல்லை. கொப்பியில் காற்று என்று ஒரு நிரல் போட்டிருக்கிறேன், செயலியில் அது இல்லை.

இப்போது தொடங்குபவர் நாடாவும் கொப்பியும் வாங்கட்டும். இதயத்துக்கான மாத்திரை இல்லாதவர் மூன்று மாதம் கழித்து நெஞ்சுப் பட்டி வாங்கலாம். வேகத்தைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்ல வைத்துக்கொள்ளலாம். பட்டி வாங்குபவர் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அதை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். என் முதல் பட்டி எட்டு மாதத்தில் உப்புப் பூத்து, 138ஐ 210 என்று காட்டத் தொடங்கிய நாளில் நான் பாதி வழியில் ஒரு தேநீர்க் கடை வாங்கில் படுத்துவிட்டேன்.