சுடுதண்ணியா, ஐஸா: அம்மாவின் பெருவிரலும் மாமாவின் பெருவிரலும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே மாதத்தில் பெருவிரல் வலி. ஒருவர் அம்மா, மற்றவர் மாமா. வலித்த இடமும் ஒன்றுதான்: பெருவிரல் பாதத்தோடு சேரும் மூட்டு. அம்மாவுக்கு நொச்சி இலை அவித்த சுடுதண்ணியில் காலை வைத்தால் சுகம். அதைப் பார்த்துவிட்டு மாமாவும் அதே பேசினில் காலை வைத்தார். அன்றிரவு அவர் கண்ணை மூடவில்லை. போர்வை பட்டாலே உயிர் போகிறது என்று சொல்லிக் காலை வெளியே நீட்டிக்கொண்டு விடியும்வரை கிடந்தார்.

நாம் எல்லாவற்றையும் 'வாதம்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். வருத்தம் வேறு வேறு. அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். வருஷக்கணக்கில் மெல்ல வந்தது. காலையில் எழும்பினால் பத்து நிமிஷம் விறைப்பு, அப்புறம் இளகும், கூட நடந்தால் திரும்ப உளைவு. மாமாவுக்குக் கவுட். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, ஊசி போன்ற படிகங்களாக மூட்டுக்குள் படிவது. அது திடீரென்று, அநேகமாக இரவில், சிவந்து வீங்கிக் கொதிக்கும். மூன்றாவது, ருமட்டொயிட். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது. இரண்டு பாதமும் சேர்ந்து நோகும், காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நிற்கும். இது உங்கள் கதை என்றால் ஒத்தடத்திலும் எண்ணெயிலும் நாளைக் கடத்தாதீர்கள். மூட்டு சிதைவதற்கு முன் கிளினிக்கில் மருந்து தொடங்க வேண்டும், சிதைந்தது திரும்பாது.

இனி, எது எதற்கு என்று பார்ப்போம்.

விறைத்த, பழைய, வீக்கமில்லாத வலிக்குச் சுடுதண்ணி. பதினைந்து, இருபது நிமிஷம் போதும். நொச்சி போட்டாலும் புளியமிலை போட்டாலும் அம்மாவுக்கு வாசம் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். இளக்குவது பெரும்பாலும் சூடுதான். சிவந்து கொதிக்கிற மூட்டுக்கு ஐஸ். துணியில் சுற்றி அதே அளவு நேரம் வைத்து எடுக்க வேண்டும். கவுட் வந்த காலைச் சூடாக்குவதும் எண்ணெய் போட்டு உருவுவதும் வேதனையைக் கூட்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சீனி வருத்தம் உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். தண்ணி எவ்வளவு கொதிக்கிறது என்று கால் சொல்லாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குச் சுடுதண்ணியும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

எண்ணெய், தைலம் ஒரு பக்கம், டைக்ளோபினாக் ஜெல் மறுபக்கம். பரியாரியார் தந்த எண்ணெயை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இரவில் அம்மாவின் பாதத்தை மடியில் வைத்து உருவிவிடும்போது அவர் முகம் இளகுவதைக் கண்ணால் பார்க்கிறேன். தோலை எரியவைக்கிற தைலங்கள் கொஞ்ச நேரத்துக்கு மூளையின் கவனத்தை வலியிலிருந்து திருப்பும். ஆனால் மூட்டு அழற்சியைக் குறைக்கிற மருந்து ஜெல்லில்தான் இருக்கிறது. பெருவிரல் மூட்டு தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் அங்கே மருந்து போய்ச் சேரும். குளிசையோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் கலப்பது மிகச் சிறு பங்கு. ஒருநாள் பூசிவிட்டுச் சரிவரவில்லை என்று விடக்கூடாது. பெட்டியில் சொன்ன அளவில் சில நாள் பூசிப் பார்க்க வேண்டும். வெடித்த குதிக்காலில், புண்ணில் படக்கூடாது.

குளிசை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பனடோல், அதாவது பரசிற்றமோல், எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் தேய்மான வலிக்கு அது பெரிதாக உதவுவதில்லை. வைத்தியர்களுக்கு வழிகாட்டல் தரும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டலும் தேய்மானத்துக்குப் பரசிற்றமோலை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. டைக்ளோபினாக், இபுபுரோபன் குளிசைகள் வேலை செய்யும். ஆனால் இரைப்பையைப் புண்ணாக்கும், பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாமசியில் சும்மா வாங்கி மாதக்கணக்கில் போடும் மருந்தல்ல. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'நாட்டுக் குளிசை' இரண்டே நாளில் அற்புதமாக வேலை செய்தால் எனக்குப் பயம்தான் வரும். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீரோயிட் கலந்திருந்த சம்பவங்கள் உண்டு. மாமா இப்போது வைத்தியர் எழுதிய, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோலை நாளாந்தம் போடுகிறார், நெத்தலியையும் இறாலையும் பியரையும் குறைத்திருக்கிறார். வாவிக்கரையில் பிறந்தவருக்கு இறாலைக் குறைப்பது லேசான காரியமா, சொல்லுங்கள்.

அம்மாவை நடக்கவைத்தது இவை ஒன்றுமே இல்லை. செருப்பு.

அவருடைய பழைய றப்பர் செருப்பை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தேன். பெருவிரல் பதிந்த இடத்தில் குழி, குதிப்பக்கம் கடதாசி மாதிரித் தேய்ந்திருந்தது. நுனியையும் குதியையும் பிடித்து மடித்தால் இரண்டும் தொட்டுக்கொண்டன. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் குதி உயர, பெருவிரல் மேல்நோக்கி வளைய வேண்டும். தேய்ந்த மூட்டு வளைகிற அந்த இடத்தில்தான் எலும்போடு எலும்பு உரசுகிறது. செருப்பு வளைந்தால் விரலும் வளையும். அடி விறைப்பாக, முன்பக்கம் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தால் பாதம் உருண்டு போகும், விரலுக்கு வேலை குறையும். அதனால் கடையில் நிறத்தைப் பார்க்காமல் மடித்துப் பார்த்து வாங்கினோம். தடித்த அடி, அகன்ற முன்பக்கம், பின்னால் பட்டி.

வீட்டுக்குள் போடத்தான் சண்டை. "என்ன மனே, செருப்போடயா வீட்டுக்குள்ள நடக்கச் சொல்றாய்?" என்றார். டைல்ஸ் நிலத்தில் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்பதுதான் அவருக்கு அதிக உளைவு தந்தது. கடைசியில், வெளியே போகாத சோடி ஒன்று குசினி வாசலில் வந்து குந்தியது. இரண்டு கிழமையில் ஜெல் பூசுவது பாதியாகக் குறைந்தது.

மாமாவுக்கு அதே செருப்பு வாங்கிக் கொடுத்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. அவருடைய வலி நடையால் வந்ததல்லவே.

மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டும் எங்களிடம் வழியில்லை. அங்கே வெறுங்கால்தான். அம்மா சூடு ஏறுமுன் விடியவே போய், வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். அவர் திரும்பி வரும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது என் வேலை.