செங்கோட்டை ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பு: 1,200 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் இந்த வகுப்புக்குப் போக வேண்டாம். எட்டு ஞாயிறு முடித்த பிறகும் நான் ஆடிட்டரிடம் போனில் தமிழில்தான் பேசுகிறேன். இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது, ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்லித்தரும் வகுப்பு இது. பேசக் கற்றுத்தருகிறோம் என்ற இடத்தில் முன்பு ஒரு தடவை 6,000 ரூபாய் கட்டி, 'ஹவ் ஆர் யூ'வைத் தாண்டாமல் திரும்பி வந்தவன் நான். அது வேறு கதை.

சேர்ந்ததற்குக் காரணம் ஏழாவது படிக்கும் என் மகள். "நைஃப்னு எழுதும்போது முன்னாடி ஒரு 'கே' எதுக்குப்பா?" என்றாள். "அது அப்படித்தான் பாப்பா" என்றேன். "அப்படித்தான்னா எப்படி?" என்று விடவில்லை. அந்த வாரம் டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் கண்ணில் பட்டது.

இடம், தையல் கடை மாடி. நடத்துபவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். நாங்கள் பதினோரு பேர். கரும்பலகை, சாக்பீஸ், ஒரு ஃபேன், அவ்வளவுதான்.

முதல் வாரம் வரைபடம் போட்டார். ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரோமாபுரிப் படை பிரிட்டனை விட்டுப் போகிறது. பிறகு இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிக் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் கூட்டங்கள் வந்து குடியேறுகின்றன. அவர்கள் பேசியதுதான் இங்கிலீஷின் வேர். அதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களின் பேச்சு இன்றைக்கு வேல்ஸ் பக்கம் உயிரோடு இருக்கிறது. அதாவது, இங்கிலாந்துக்கே இங்கிலீஷ் வந்தேறிதான்.

அடுத்து வைக்கிங்குகள், அதாவது ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடற்கொள்ளைக்காரர்கள். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள், பிறகு அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். ஸ்கை, எக், ஸ்கின், நைஃப் எல்லாம் அவர்கள் கொடுத்த சொற்கள். 'தே' என்ற சொல்கூட அவர்களுடையது. 'அவர்கள்' என்ற சொல்லையே பக்கத்து வீட்டுக்காரனிடம் கடன் வாங்கியிருக்கிறது ஒரு மொழி! 'விண்டோ'வுக்கு அவர்கள் பேச்சில் காற்றுக்கண் என்று பொருளாம். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "பழந்தமிழ்ல ஜன்னலுக்குப் பேரு காலதர். கால்னா காற்று, அதர்னா வழி" என்றார். கட்டிய காசுக்கு இதுவே போதும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. 1066இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வில்லியம் வந்து ஹேஸ்டிங்ஸ் சண்டையில் ஜெயித்ததும் அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு வந்துவிட்டது. மாட்டை மேய்த்தவன் அதை 'கவ்' என்றான். தட்டில் வைத்துத் தின்றவன் 'பீஃப்' என்றான். கொட்டிலில் 'ஷீப்', தட்டில் 'மட்டன்'. நம் ஊர் மட்டன் ஸ்டால் பலகையில் இருப்பது அந்தப் பிரெஞ்சுதான். ஜட்ஜ், கோர்ட், ஜூரி எல்லாம் அப்படி வந்தவை. வழக்குகளை இங்கிலீஷிலேயே வாதாட வேண்டும் என்று 1362இல்தான் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எழுதியதே பிரெஞ்சில்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், தாத்தா வாங்கிய வயலுக்கான பத்திரம் இருக்கிறது. கொல்லம் ஆண்டு 1121 (அதாவது 1945-46) என்று போட்டது, முழுக்க மலையாளம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தாத்தாவுக்கு மலையாளம் ஒரு எழுத்து படிக்க வராது. தன் வயல் எத்தனை சென்ட் என்று தெரிந்துகொள்ளவே புனலூரிலிருந்து ஆள் கூட்டி வந்தாராம்.

முட்டைக் கதையையும் சொல்லியாக வேண்டும். காக்ஸ்டன் என்பவர் 1476இல் இங்கிலாந்துக்கு முதல் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தவர். அவரே எழுதிவைத்த சம்பவம் இது. தேம்ஸில் கிளம்பிய வியாபாரிகள் காற்றில்லாமல் கென்ட் கரையில் இறங்கி, ஒரு வீட்டில் 'எக்' கேட்கிறார்கள். அந்த அம்மா, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்கிறாள். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! இன்னொருவர் 'ஐரன்' என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்குகிறது. 'எக்' வைக்கிங் சரக்கு, 'ஐரன்' பழைய நாட்டுச் சரக்கு. எங்கள் லாரி புக்கிங் ஆபீஸில் இது தினமும் நடப்பதுதான். புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொல்லத்து டிரைவர் "சேட்டா, கொறச்சு வெள்ளம்" என்று குடிக்கத் தண்ணீர் கேட்க, அவன் ஆரியங்காவு ரோட்டில் வெள்ளம் என்று நினைத்து இரண்டு லோடை நிறுத்தி வைத்துவிட்டான்.

மகள் கேட்ட 'கே'வுக்கும் பதில் கிடைத்தது. ஒரு காலத்தில் அதைக் 'க்னீஃப்' என்று வாய் திறந்தே சொன்னார்கள். அச்சு வந்ததும் எழுத்து உறைந்துவிட்டது. நாக்கு நிற்காமல் ஓடியது. 1400க்கும் 1700க்கும் நடுவே உயிரொலிகளும் இடம் மாறிப்போயின. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' இருப்பதற்குக் காரணம் வேறு. லத்தீன் வாசனை தெரியட்டும் என்று படித்தவர்கள் நடுவில் செருகியது அது, யாரும் உச்சரித்ததே இல்லை.

இன்னொன்று. இங்கிலீஷில் மரியாதையே இல்லை, எல்லோரும் 'நீ'தான் என்று நான் நினைத்திருந்தேன். தலைகீழாம். 'தௌ' என்பதுதான் 'நீ'. 'யூ' என்பது 'நீங்கள்'. மரியாதைக்கு 'யூ' சொல்லிச் சொல்லி 'நீ' வழக்கொழிந்துவிட்டது. இப்போது வக்கீலுக்கும் லோடுமேனுக்கும் ஒரே 'நீங்கள்'தான்.

ஆறாவது வாரம் சண்டை. இலஞ்சியிலிருந்து வரும் அண்ணாச்சி ஒருவர், "ஒன்றுதான் சார் ஒன் ஆச்சு, இங்கிலீஷே தமிழ்லருந்து வந்ததுதான்" என்று எழுந்துவிட்டார். சார் குரலை உயர்த்தவில்லை. "பழைய இங்கிலீஷ்ல அது 'ஆன்', ஜெர்மன்ல 'ஐன்', லத்தீன்ல 'ஊனுஸ்'. பின்னால போகப் போக ஒன்றோட ஒட்டலையே அண்ணாச்சி. சத்தம் ஒத்துப்போனா பத்தாது, வந்த வழியையும் காட்டணும்" என்றார். அப்புறம் வழி காட்டக்கூடிய சொற்களைப் பலகையில் எழுதினார். மலையாளத்துத் தேக்கு போர்த்துகீசியர் வாய் வழியாக 'டீக்'. கயறு 'காயர்'. கொப்பரை 'கொப்ரா'. பலாவுக்கான சக்கை 'ஜாக்'. தமிழிலிருந்து கறி, சுருட்டு, கட்டுமரம்.

நான் எல்.ஆர். புக்கில், அதாவது லாரி ரசீதுப் புத்தகத்தில், இருபது வருஷமாக எழுதும் சரக்கில் பாதி அந்தப் பலகையில் இருந்தது. இங்கிலீஷில் ஸ்பெல்லிங் தப்பாகிவிடுமோ என்று தினமும் நடுங்கிக்கொண்டே எழுதிய சொற்கள், கேரள எல்லையிலுள்ள புளியரை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் விளைந்தவை.

குறைகளும் இருக்கின்றன. கடைசி இரண்டு வாரம் ஓட்டமாக ஓடினார். 1755இல் சாமுவேல் ஜான்சன் போட்ட அகராதிக்குப் பத்து நிமிஷம், அமெரிக்காவுக்கு ஐந்து நிமிஷம். இந்தியாவுக்கு இங்கிலீஷ் வந்த கதை, இங்கிலீஷ் படிப்பு வேண்டும் என்ற 1835 மெக்காலே குறிப்பு, எல்லாம் டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. நமக்கு வேண்டியதே அதுதானே? கொடுத்த நோட்ஸ் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, மூன்றாம் பக்கம் வெறும் கறுப்பு. ஏதாவது ஒலி எப்படி இருந்தது என்று கேட்டால் அவரே வாயால் சொல்லிக் காட்டுகிறார். ஒரு ஸ்பீக்கர் வைத்துப் பழைய இங்கிலீஷைப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியார்கள், போட்டித் தேர்வுப் பிள்ளைகள், என்னைப் போல் ஸ்பெல்லிங்குக்குப் பயந்தவர்கள் போகலாம். பத்து மணி வகுப்புக்கு ஒன்பதே முக்காலுக்குப் போனால் ஃபேனுக்கு அடியில் நாற்காலி கிடைக்கும். மாடிப்படியில் கைப்பிடி இல்லை, பார்த்து ஏறுங்கள்.