வசிட்டரைப் பிரித்துக் காட்டும் 70 மி.மீ. தொலைநோக்கி

வானம் பார்க்கத் தொடங்குவோர் பலரும் முதலில் வாங்குவது 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட லென்ஸ் தொலைநோக்கியைத்தான். நிலவை எந்தக் கருவியும் ஓரளவு அழகாகவே காட்டிவிடும் என்பதால், நான் வாங்கியதை வடவானத்து வசிட்டரை, அதாவது மிசார் விண்மீனை வைத்தே சோதித்தேன்.

சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவே இருக்கும் வசிட்டரும், திருமணத்தில் அம்மி மிதித்த பின் மணமக்களுக்குக் காட்டப்படும் அருந்ததியும் 12 ஆர்க் நிமிட (ஒரு ஆர்க் நிமிடம் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) இடைவெளியில் இருப்பதால், கூர்மையான கண்களுக்கு வெறும் பார்வையிலேயே தனித்தனியாகத் தெரியும். ஆனால் வசிட்டரே இரட்டை என்பதைத் தொலைநோக்கி வழியாக 1617-இல் கவனித்தவர் கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி. அந்த இரண்டுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 14 ஆர்க் விநாடிதான்; ஆர்க் நிமிடத்தின் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் விநாடி.

உடன் வரும் 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்), 28 மடங்கு உருப்பெருக்கத்திலேயே இரண்டும் ஒட்டினாற்போலப் பிரிந்து தெரிகின்றன. 10 மி.மீ. ஐபீஸை மாற்றி 70 மடங்குக்குப் போனால், பிரகாசமான வெண்புள்ளியும் அதன் அருகே மங்கலான இன்னொன்றும், நடுவில் கரிய இடைவெளியோடு, குத்தி வைத்தாற்போல் நிற்கின்றன. அதே காட்சிப் புலத்தின் ஒரு பக்கம் அருந்ததியும், இருவருக்கும் சற்று விலகி, வெறும் கண்ணுக்குத் தெரியாத எட்டாம் ஒளித்தரத்து விண்மீன் ஒன்றும் சேர்ந்து ஒரு முக்கோணமாகத் தெரிவது, இந்த விலைக்கு மனம் நிறையும் காட்சி. லென்ஸின் தரத்தில் எனக்குக் குறையே இல்லை.

குறை முழுவதும் முக்காலியில் இருக்கிறது. ஃபோகஸ் திருகைத் தொட்டவுடன் விண்மீன்கள் நடுங்குவதால், கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தே பார்க்க வேண்டியுள்ளது. பூமியின் சுழற்சியால் அவை நகர்ந்துகொண்டே இருப்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை குழாயைத் தள்ளும்போதெல்லாம் அந்த நடுக்கம் திரும்புகிறது. முக்காலியின் கால்களை நீட்டாமல், நாற்காலியில் அமர்ந்து பார்த்தால் பெருமளவு குறைகிறது.

ஐபீஸோடு பொருத்தி உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் வெறும் விளம்பரம். அதை 10 மி.மீ. ஐபீஸோடு சேர்த்தால் வரும் 210 மடங்கு, இந்த விட்டம் தாங்கக்கூடிய சுமார் 140 மடங்கைத் தாண்டிவிடுவதால், விண்மீன்கள் உப்பி மங்குகின்றன.

பிரிந்து தெரியும் இரண்டில் பெரியதும் மீண்டும் இரட்டையே என்று 1889-இல் ஹார்வர்டின் வானியலாளர் பிக்கரிங் அறிவித்தது, கண்ணால் பிரித்துப் பார்த்தல்ல, அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையைக் கொண்டுதான். சுமார் 20 நாளுக்கு ஒருமுறை சுற்றும் அந்த இணையைப் பார்க்கும் ஆசையில் யாரும் அதிக உருப்பெருக்கத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தை உறுதியான முக்காலிக்குக் கொடுங்கள்.