டெல்ஃப்ட் நீலம்: புதுத் தட்டா, பழைய டைலா?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நீலத்தில் (வெள்ளைப் பின்னணியில் நீலத்தில் வரைந்த மண்பாண்ட வகை) ஒன்று வாங்குவது என்று முடிவானதும் எனக்கு முன்னால் இருந்தவை இரண்டு: ராயல் டெல்ஃப்ட் ஆலையில் கையால் வரைந்த புதுத் தட்டு, 18ஆம் நூற்றாண்டுச் சுவர் டைல். நான் டைலை வாங்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். அச்சிட்ட நினைவுப் பொருட்கள் இந்தப் போட்டியிலேயே இல்லை.

தட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1653இல் தொடங்கிய ஆலை, நேர்த்தியான கோடு, அடியில் முத்திரை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே செய்முறை மாறிவிட்டது. வெள்ளை மண்ணைச் சுட்டு, அதன்மேல் வரைந்து, கண்ணாடி போன்ற பூச்சைப் போடுகிறார்கள். பழைய டைல் அப்படியல்ல. உள்ளே இருப்பது மஞ்சள் சாயல் கொண்ட மண். வெள்ளீய ஆக்சைடு கலந்த பூச்சுதான் அதை மூடி வெள்ளையாகக் காட்டுகிறது. சுடுவதற்கு முன்பே, பொடியாக இருக்கும் அந்தப் பூச்சின்மேல் நீல நிறம் தரும் கோபால்ட்டால் வரைய வேண்டும். தூரிகை பட்ட உடனே பூச்சு சாயத்தை உறிஞ்சிவிடும், திருத்த வழியே கிடையாது. அந்த வேகம் கோட்டில் தெரிகிறது. (டெல்ஃப்ட் டைல் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ராட்டர்டாம், உட்ரெக்ட், ஹார்லிங்கன் போன்ற ஊர்களில் செய்தவை!)

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது அழகு அல்ல, சேதம். வெள்ளீயப் பூச்சு விளிம்பில் எளிதாகப் பெயர்ந்துவிடும், மண் வெளியே தெரியும். பழைய டைலில் இதை வயதின் இயல்பு என்றே சேகரிப்பவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். விளிம்பில் சிறு சில்லு போனதற்காக விலை பெரிதாக விழாது. புதுத் தட்டில் அதே சில்லு போனால், மறுபடி விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது.

பராமரிப்பில் டைலுக்கும் ஒரு தொல்லை உண்டு. ஈரச் சுவரில் இருந்து பெயர்த்தெடுத்ததென்றால் மண்ணுக்குள் உப்பு ஊறியிருக்கும். காயும்போது அது படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடும். பின்புறம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் வாங்காதீர்கள். மற்றபடி உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இதெல்லாம் டைலை வைத்துச் சொல்வது. பழைய பெரிய ஜாடிகளை நான் வைத்திருந்ததில்லை.

வாங்கும்போது மூலைகளில் ஆணி பட்ட நுண்துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி பதித்த பலகையை மேலே வைத்துச் சதுரமாக வெட்டியபோது விழுந்த தடம் அது. அப்புறம், உடைந்து ஒட்டி, மேலே வண்ணம் பூசி மறைத்த டைல்களும் சந்தையில் உண்டு. சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு மாறும். திருமணப் பரிசு என்றால் மட்டும் சரி, தட்டையே வாங்குங்கள்.