‘அந்தப் பிளக் இப்போது வருவதில்லை சார்’ என்றால் நம்பாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்றே சில கடைகளில் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "இந்த மாடலுக்கான ஸ்பார்க் பிளக் நின்று பல வருடமாகிவிட்டது சார். இப்போது கிடைப்பது இதுதான்." சொல்பவரின் முகத்தில் உங்கள் காரைப் பற்றிய அனுதாபமும் சேர்ந்தே இருக்கும். திருச்சியில், வாசலில் வண்ண விளக்குகள் எரியும் ஒரு பணிமனையில் இந்த வசனத்தைச் சொல்லித்தான் இஞ்சினில் தீப்பொறி தந்து பெட்ரோலைப் பற்றவைக்கும் மூன்று பிளக்குகளுக்கு என்னிடம் 2,850 ரூபாய் வாங்கினார்கள். வந்தவை போலி. போதாக்குறைக்குத் தவறான எண். இஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில், பிளக் திருகும் மரை ஒன்றையும் கெடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கார் 1997 மாடல் மாருதி 800. கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பழைய அமைப்பு) வண்டி, மூன்று சிலிண்டர், 796 சிசி. காலையில் சோக்கை இழுத்தாலும் எழுந்திருக்க அடம்பிடித்தது, சிக்னலில் நின்றால் மிஸ்ஸிங் அடித்தது, அதாவது இஞ்சின் விட்டுவிட்டு எரிந்தது. பிளக் மாற்ற வேண்டிய நேரம்தான், அதில் அவர்கள் சொன்னது சரி.

காருடன் வந்த கையேட்டை எடுத்துப் போயிருந்தேன். அதில் பிளக் தயாரிப்பாளராக மைக்கோ பெயரைக் காட்டியதும் மேலாளர் சிரித்தார். "மைக்கோவா? அந்தக் கம்பெனியே இல்லை சார்." கேட்பவர் நம்பிவிடுவார், ஏனென்றால் அந்தப் பெயரில் பெட்டி கடைகளில் இல்லை. உண்மை என்ன? 1951இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2008இல் போஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. அவ்வளவுதான். டபிள்யூ7டி.சி. என்ற அதே எண்ணைச் சொல்லி போஷ் பிளக் என்று கேட்கலாம். இன்னொரு பிளக் நிறுவனமான என்.ஜி.கே.வில் அதற்கு இணை பி.பி.6இ.எஸ்., ரெசிஸ்டர் (ரேடியோ இரைச்சலைக் குறைக்கும் மின்தடை) உள்ளது வேண்டுமென்றால் பி.பி.ஆர்.6இ.எஸ். மாருதி 800 விற்பனை 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் நின்றது, 2014 ஜனவரியில் உற்பத்தியும் நின்றது. நின்றது கார். அதன் பிளக், ஜெனரேட்டரிலும் தண்ணீர் பம்பிலும்கூட இன்றைக்கும் மாட்டப்படும் சாதாரண அளவு. அதற்கா பஞ்சம்?

அடுத்து எண்ணில் நடந்த கூத்து. கையேட்டில் ‘7’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "அதே 7தான் சார், ஆனால் இரிடியம், ஜப்பான் சரக்கு. மைலேஜ் கூடும்" என்று வேறொரு பெட்டியை நீட்டினார்கள். இரிடியம் என்பது முனையில் அந்த விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக். இங்கேதான் பலரும் மாட்டுவார்கள். பிளக்கின் எண் அதன் வெப்பநிலை வகையைக் குறிக்கிறது. என்.ஜி.கே., டென்சோ ஆகிய நிறுவனங்கள் இரண்டிலும் எண் கூடினால் பிளக் ‘குளிர்’ வகை, அதாவது சூட்டை விரைவில் ஹெட்டுக்குக் கடத்திவிடும். போஷ், சாம்பியன் இரண்டிலும் நேரெதிர், எண் கூடினால் ‘சூடு’ வகை. போஷ் 7க்கு என்.ஜி.கே.வில் இணை 6. டென்சோவிலோ அதே பிளக் டபிள்யூ20 என்று வரும், 20 என்பதைப் பார்த்து யாரும் மிரள வேண்டியதில்லை. ஏழுக்கு ஏழு என்று மாட்டினால் தேவைக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் உள்ளே போகிறது.

குளிர்ந்தால் என்ன கெட்டுவிடும்? பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரிக்கு மேல் போனால், தீப்பொறி வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்காகத்தான் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். என் கார் போவது தில்லைநகரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வரை, பெரும்பாலும் இரண்டாம் கியரில். அந்த ஓட்டத்தில் குளிர் வகைப் பிளக் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும், கரி மட்டும் தங்கிவிடும்.

அப்படியே நடந்தது. மாட்டிய புதிதில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு புகைக்குழாயில் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, மேட்டில் இழுவை இல்லை. திரும்பப் போனேன். "பிளக் புதிது சார், அதில் குறையே இருக்காது. கார்பரேட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்" என்றார்கள். பிரித்தார்கள், பணம் வாங்கினார்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குப் பின் பிளக் ஒயர். தாங்கள் மாட்டிய மூன்று பிளக்குகளை மட்டும் ஒருமுறைகூடக் கழற்றவில்லை. தவறான பிளக்கைவிட எனக்குக் கோபம் வந்தது இதில்தான். மிஸ்ஸிங் என்று வரும் வண்டியில் முதலில் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது பணிமனையில் எடுபிடி வேலை செய்யும் பையனுக்கும் தெரிந்த பாடம். தெரிந்தும் கழற்றவில்லை என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியில் பாலக்கரையில் பழைய பியட், அம்பாசிடர் வண்டிகளையே பார்த்துப் பழகிய ஒரு பாயிடம் கொண்டுபோனேன். அவர் பேனட்டைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பழைய பிளக் எங்கே தம்பி?" அதை அந்தப் பணிமனையில் தரவே இல்லை. ‘குப்பையில் போட்டுவிட்டோம்’ என்றார்கள். "குப்பையிலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தார். மணல் பீய்ச்சிப் பழைய பிளக்கை வெள்ளையாக்கும் எந்திரம் எத்தனை பணிமனைகளில் இருக்கிறது என்பதையும், அதிலிருந்து வெளிவருவது எங்கே போகும் என்பதையும் பிறகு சாயா குடிக்கும்போது சொன்னார்.

மூன்றையும் கழற்றி ஒரு செய்தித்தாளின்மேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் காய்ந்த கரி, அடுப்பில் ஏறிய சட்டியின் அடிப்புறம்போல. பெட்ரோல் நனைத்த துணியால் ஒன்றைத் துடைத்தபோது வெள்ளைப் பீங்கானில் இருந்த நிறுவனப் பெயர் பாதி துணியோடு வந்துவிட்டது. அடுத்து வாஷர். அசல் பிளக்கில் வாஷர் எளிதில் கழன்று வராது, இதில் நகத்தால் தள்ளியதும் உருண்டு ஓடியது. பின்னர் முனையைக் காட்டினார். அசல் இரிடியம் பிளக்கில் நடுமுனை பொதுவாக 0.6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லியது. நிக்கல் தண்டின் நுனியில் தனி உலோகத் துண்டை லேசரால் பற்றவைத்திருப்பார்கள், இணைப்பு கண்ணுக்குத் தெரியும். என்னுடையவற்றில் இணைப்பே இல்லை. சாதாரண நிக்கலைப் பென்சில் சீவுவதுபோல் சீவியிருந்தார்கள், அந்த முனையும் அதற்குள் மழுங்கி உருண்டிருந்தது. மேலே வளையும் தரைமுனை நடுவை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. இடைவெளி அளக்கும் தகடான பீலர் கேஜை விட்டுப் பார்த்தால் மூன்றிலும் மூன்று இடைவெளி. என் காருக்கு வேண்டியது 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

ஒரு சோதனை வீட்டிலேயே செய்யக்கூடியது. எண்ணில் ‘ஆர்’ இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மேல் நுனிக்கும் நடுமுனைக்கும் இடையே தொட்டால் சுமார் ஐந்தாயிரம் ஓம் காட்ட வேண்டும், கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். பாய் தொட்டபோது காட்டியது பூஜ்யம். ‘ஆர்’ என்ற எழுத்து அச்சில் மட்டும்தான் இருந்தது.

நடு சிலிண்டரின் பிளக் வரும்போதே முரண்டு பிடித்தது. விரலால் சுற்றி நுழைக்க வேண்டியதை, கோணலாக வைத்து நீண்ட கைப்பிடியால் முறுக்கியிருக்கிறார்கள். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு, தோற்பது எப்போதும் ஹெட்தான். அலுமினியத் துகள்கள் மரையோடு ஒட்டிக்கொண்டு வந்தன. ஹெலிகாயில் (கெட்ட மரைக்குள் பொருத்தும் கம்பிச்சுருள்) போட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பிளக் மூன்றும் சேர்ந்த அசல் விலையைவிடப் பல மடங்கு செலவு அதில் ஆனது. புதிய பிளக்கை இஞ்சின் ஆறிய பிறகு, வாஷர் போய் உட்காரும் வரை விரலாலேயே சுற்ற வேண்டும். அதன் பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று, கொஞ்சம் கூட. அதற்குமேல் பலத்தைக் காட்ட அங்கே வேலை இல்லை.

இப்போது காரில் இருப்பவை அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கிய சாதாரண நிக்கல் பிளக்குகள், எண் 6. காலையில் ஒரே திருப்பில் எழுகிறது. அசல் இரிடியம் கிடைத்தாலும் நான் வாங்கப்போவதில்லை. அதன் நியாயமான பலன் நீண்ட ஆயுள், வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார்பரேட்டர் வண்டிக்கு அது எதற்கு? மைலேஜ் கூடும் என்று சொல்பவரிடம் எவ்வளவு கூடும் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும்.

பில் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணிமனை தந்த சீட்டில் "பிளக் 3" என்று மட்டும் எழுதியிருந்தது. நிறுவனமும் இல்லை, எண்ணும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. பிளக்கின் முழு எண்ணை எழுதாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மாட்டுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, பிளக்கின் உடம்பில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே பாருங்கள். பழைய பிளக்குகளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், அவை உங்கள் பொருள்.

நான் போலிகளைப் படமெடுத்து, பாய் எழுதிக் கொடுத்த குறிப்போடு பணிமனைக்கு அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிவு செய்தேன். உடனே மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது, பிளக் பணம் திரும்பி வந்தது. ஹெட் மரைக்கும் தேவையில்லாமல் பிரித்த கார்பரேட்டருக்கும் பதில் சொல்ல மறுக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று பிளக்குகளும் அந்தச் செய்தித்தாளிலேயே சுற்றி அலமாரியில் இருக்கின்றன, ஆணையத்தில் சான்றுப் பொருளாகத் தருவதற்கு.